ஓரத்தில் தூங்கிய தவிட்டுக்குருவி

தாமரைக் குளத்தை ஒட்டிய காட்டில் எட்டுத் தவிட்டுக்குருவிகள் ஒரே கூட்டமாக வாழ்ந்தன. அப்பப்பா, என்ன சத்தம்! ஒரு குருவி புழுவைக் கண்டால் எட்டும் கத்தும். புழு கிடைக்காவிட்டால் இன்னும் அதிகமாகக் கத்தும். குளத்துத் தவளைகளே, "கொஞ்சம் வாயை மூடுங்கம்மா, காது வலிக்குது!" என்று கெஞ்சும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் எதையும் தனியாகச் செய்யமாட்டார்கள். ஒருத்தி குஞ்சு பொரித்தால் எட்டுப் பேரும் ஊட்டுவார்கள். தரையில் சருகைக் கிளறி மேயும்போது, முறை வைத்து ஒருவர் மட்டும் மரத்தின் மேல் உட்கார்ந்து காவல் பார்ப்பார். வல்லூறு வந்தால் அவர் 'கிர்ர்ர்!' என்று கத்த வேண்டும். உடனே எல்லாரும் முள்புதருக்குள் பாய்ந்துவிடுவார்கள்.

சாயங்காலம் ஆனால் வேல மரத்துக் கிளையில் வரிசையாக ஒட்டி உட்கார்ந்து தூங்குவார்கள். அங்கேதான் வம்பு! நடு இடம் கதகதப்பாக இருக்கும். ஓரத்து இடத்தில் குளிரும். காற்றும் மழையும் முதலில் ஓரத்தில் இருப்பவரைத்தான் தொடும். அதனால் நடு இடத்துக்குத் தினமும் அடிதடி.

"தள்ளுடி அந்தப் பக்கம்!"

"நான்தான் முதல்ல வந்தேன்!"

"முதல்ல உன் வாலை என் மூக்கிலேருந்து எடு!"

சண்டை ஓய்ந்ததும் கூட்டத்தின் மூத்தவள் கருக்காயி குரல் கொடுப்பாள். "எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கேன்!" "இருக்கேன்!" என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். எட்டுக் குரலும் வந்துவிட்டால் கருக்காயி கண்ணை மூடுவாள்.

நடு இடத்துக்கு அதிகமாக மல்லுக்கு நிற்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வெடுக்கி. அவளுக்கு வாய் நீளம். இன்னொருத்தி மஞ்சாடி. மஞ்சாடி வாயைத் திறக்கவே மாட்டாள். இடுப்பால் ஒரே இடி! வெடுக்கி கிளையை விட்டே விழுந்துவிடுவாள்.

"நீயெல்லாம் குருவியாடி? பன்னிக்குட்டி!" என்று கீழேயிருந்து வெடுக்கி கத்துவாள்.

மஞ்சாடி சிரித்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

அந்த வருஷ மழைக்கு மஞ்சாடி மூன்று முட்டை இட்டாள். வானத்தைக் கிள்ளி வைத்தாற்போல நல்ல நீல முட்டைகள். குஞ்சுகள் பொரிந்தன. கூட்டமே மாற்றி மாற்றி ஊட்டியது.

ஒரு மத்தியானம் மஞ்சாடி வெட்டுக்கிளி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கூட்டுக்கு வந்தாள். கூட்டில் சாரைப்பாம்பு இருந்தது. குஞ்சுகள் இல்லை.

எல்லாரும் பறந்து வந்து கத்தினார்கள், கொத்தினார்கள். பாம்பு போய்விட்டது. போய் என்ன பிரயோசனம்?

அன்று பொழுது சாயும் வரை மஞ்சாடி அந்த வெட்டுக்கிளியை அலகிலேயே வைத்திருந்தாள். கீழே போடவும் இல்லை, தின்னவும் இல்லை.

கூட்டம் அழுதது. அவர்களும் ஊட்டிய பிள்ளைகள் அல்லவா? பிறகு எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். தவிட்டுக்குருவிக்கு ஆறுதல் என்றால் பேச்சுதான். அதுவும் எல்லாரும் ஒரே நேரத்தில்!

"அழாதே! அடுத்த மழைக்கு நாலு முட்டையா இட்டுடலாம்!"

"போன வருஷம் எனக்கும்தான் போச்சு. நான் தேறி வரலையா?"

"சும்மா உட்கார்ந்தா இந்த நினைப்புதான் வரும். எந்திரி, ஓடி ஆடி வேலையைப் பாரு!"

அவள் புருஷன் தொரட்டி நல்ல கொழுத்த மண்புழுவாகப் பார்த்துக் கொண்டுவந்தான். "இதைத் தின்னு புள்ள. எல்லாம் சரியாப் போயிடும்!"

மஞ்சாடி தின்றாள். மண்புழு வெறும் மண்ணாக ருசித்தது.

மழை விட்டது. புல் வளர்ந்தது. வெட்டுக்கிளிகள் பெருகின. கூட்டம் மறுபடியும் சிரித்தது, சண்டை போட்டது, கத்தியது.

மஞ்சாடிக்கு மட்டும் ஒன்றும் சரியாகவில்லை. நெஞ்சுக்குள் ஈரமண்ணை அடைத்தது போலக் கனத்தது. காலையில் இறக்கையை விரிப்பதே பெரும்பாடாக இருந்தது. அழுகையாவது வந்தால் தேவலாம். அதுவும் வரவில்லை. வெயில் அடித்தாலும், பூ பூத்தாலும் அதெல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

'எல்லாரும் தேறிட்டாங்க. நான் மட்டும் இப்படி இருக்கேன். இவங்க சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்கணும்?' என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் கிளையில் அடிதடி தொடங்கியபோது மஞ்சாடி சொன்னாள். "நான் ஓரத்துல உட்கார்ந்துக்கிறேன். நீங்க உள்ளே போங்க."

"நிஜமாவா?" ஒருத்தருக்கும் நம்ப முடியவில்லை. உடனே உள்ளே நகர்ந்துகொண்டார்கள். நடு இடம் வெடுக்கிக்குக் கிடைத்தது.

மறுநாள் மேய்ச்சலின்போது, "நான் காவல் பார்க்கிறேன். நீங்க மேயுங்க" என்றாள். காவலில் இருந்தால் தின்ன வேண்டாம். யாரோடும் பேச வேண்டாம். அடுத்த நாளும் அவளே மேலே போனாள். அதற்கடுத்த நாளும் அவளே.

"மஞ்சாடி எவ்வளவு பொறுப்பாயிட்டா பாருங்க!" என்று கருக்காயி மெச்சினாள்.

"என் பொண்டாட்டி தங்கம்!" என்று தொரட்டி நெஞ்சை நிமிர்த்தினான்.

அவர்கள் பாராட்டப் பாராட்ட, மஞ்சாடி இன்னும் ஓரமாக நகர்ந்தாள். இப்படி இருப்பதுதான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று கருக்காயி கேட்பாள்.

"இருக்கேன்" என்பாள் மஞ்சாடி. எட்டுக் குரல் சரியாக வந்துவிடும். கருக்காயி கண்ணை மூடிவிடுவாள். ஓரத்தில் காற்று அடிக்கும். மஞ்சாடி கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

வெடுக்கிக்கு மட்டும் என்னவோ போல இருந்தது. நடு இடம் சும்மா கிடைத்தும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருநாள் அவள் தொரட்டியிடம் முணுமுணுத்தது மஞ்சாடியின் காதில் விழுந்தது.

"அண்ணே, உன் பொண்டாட்டி என்னை இப்போல்லாம் இடிக்கவே மாட்டேங்கிறா!"

"நல்லதுதானே? அவளுக்குப் பக்குவம் வந்திடுச்சு."

"பக்குவமா? அந்தப் பன்னிக்குட்டிக்கா?"

தொரட்டி சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

அந்தக் காட்டில் மஞ்சாடியை நன்றாகக் கவனித்துப் பார்த்தது ஒருவர்தான். யார் தெரியுமா? வல்லூறு! நடுவில் இருக்கும் குருவி வல்லூறுக்கு வேண்டாம். அதன் கண் எப்போதும் ஓரத்தில்தான்.

ஒரு நாள் வல்லூறு உயரத்தில் வட்டமிட்டபடி கூப்பிட்டது. "ஏ காவல்காரி! இன்னைக்கும் நீதானா? நேத்தும் நீதானே?"

"ஆமாம்."

"மாத்து ஆள் வரமாட்டாங்களா?"

"நான்தான் வேண்டாம்னேன்."

"அப்படியா!" என்று சொல்லிவிட்டு வல்லூறு போய்விட்டது.

அடுத்த நாள் அது தாழ்வாகப் பறந்து வந்தது. மஞ்சாடி பார்த்தாள். 'கிர்ர்ர்!' என்று கத்தினாள். கீழே மேய்ந்துகொண்டிருந்த ஏழு பேரும் ஒரே பாய்ச்சலில் முள்புதருக்குள் போய்விட்டார்கள்.

மஞ்சாடி போகவில்லை.

வல்லூறுக்கே ஆச்சரியம். எதிர்க்கிளையில் வந்து உட்கார்ந்தது. "நீ ஒளியலையா?"

மஞ்சாடி அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

அவள் தன் நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். பயம் இல்லை. தைரியமும் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை. "இல்லை" என்றாள்.

வல்லூறு நகத்தைக் கிளையில் தீட்டிக்கொண்டது. அவசரப்படத் தேவையில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

புதருக்குள்ளிருந்து கருக்காயியின் குரல் வந்தது. "எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கேன்!" "இருக்கேன்!" "இருக்கேன்!"

பழக்க தோஷம். மஞ்சாடியும் கிளையிலிருந்தே, "இருக்கேன்" என்றாள்.

"எட்டும் சரியா இருக்கு!" என்று கருக்காயி மூச்சு விட்டாள். "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை!"

"இருங்கக்கா!" என்றாள் வெடுக்கி. "மஞ்சாடி குரல் மேலேருந்தில்ல வருது?"

அவள் முள்ளை விலக்கித் தலையை நீட்டிப் பார்த்தாள். கிளையில் மஞ்சாடி உட்கார்ந்திருந்தாள். எதிரே வல்லூறு இறக்கையை விரித்துக்கொண்டிருந்தது.

"அடிப் பாவி!"

வெடுக்கி அம்பு மாதிரி மேலே போனாள். வல்லூறு பாய்ந்த அதே நொடியில் மஞ்சாடியின் பக்கத்தில் போய் விழுந்து, இடுப்பால் ஒரே இடி இடித்தாள்!

மஞ்சாடி கிளையை விட்டு விழுந்தாள். வல்லூறின் நகத்தில் அவள் வால் இறகுகள் மட்டும்தான் சிக்கின. விழும்போது அவள் இறக்கை விரிந்தது. அவள் விரிக்கவில்லை. அது தானாக விரிந்தது. புதருக்குள் போய் விழுந்தாள்.

அதற்குள் கூட்டமே கிளம்பிவிட்டது. கத்திய கத்தலில் குளமே அதிர்ந்தது! ஆளுக்கொரு பக்கமாகக் கொத்தினார்கள். வல்லூறு தப்பித்தால் போதும் என்று மேலே ஏறியது. போகிற போக்கில் திரும்பிப் பார்த்துக் கத்தியது.

"காவல் வைக்கத் தெரியுது! அந்தக் காவல்காரிக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கத் தெரியலையே! நான் பார்த்தேன்!"

புதருக்குள் எல்லாரும் மஞ்சாடியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏன்டி பறக்கலை?"

"தூங்கிட்டியா?"

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"வெடுக்கி மட்டும் வரலைன்னா என்ன ஆயிருக்கும்!"

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க!" என்று ஒரு குரல் வந்தது.

சொன்னது யார்? வெடுக்கி! கூட்டம் திகைத்துப்போய் வாயை மூடியது. இது என்னடா அதிசயம் என்று குளத்துத் தவளைகள் தலையை நீட்டிப் பார்த்தன.

வெடுக்கி மஞ்சாடியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "ஏன்டி பறக்கலை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பறக்கணும்னு தோணலை."

"எப்போலேருந்து இப்படி?"

"பாம்பு வந்ததுலேருந்து."

தொரட்டி ஓரடி முன்னால் நகர்ந்தான். "தினமும் இருக்கேன் இருக்கேன்னு சொன்னியே புள்ள!"

"கேட்டாங்க, சொன்னேன். அதுக்கு மேல யாரும் கேட்கலையே."

கருக்காயி, "இதுக்கெல்லாம் மனசை விட்டா..." என்று ஆரம்பித்தாள். வெடுக்கி ஒரு பார்வை பார்த்தாள். கருக்காயி அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

கூட்டம் பேசாமல் காத்திருந்தது. தவிட்டுக்குருவிகளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்! ஒரு குருவி பேச்சை அடக்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

நெடுநேரம் கழித்து மஞ்சாடி சொன்னாள். "அன்னைக்கு ஒரு வெட்டுக்கிளி கொண்டுவந்தேன். அதை யாருக்கு ஊட்டுறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை."

தொரட்டி வந்து அவள் கழுத்தில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். மஞ்சாடிக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் கிளையில் மஞ்சாடி வழக்கம்போல ஓரத்துக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே வெடுக்கி உட்கார்ந்திருந்தாள்.

"இது என் இடம். நீ உள்ளே போ."

"உனக்குக் குளிருமேடி."

"குளிரட்டும். போடி உள்ளே, வால் இல்லாதவளே!"

மஞ்சாடி நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் உடம்புகள் ஒட்டிக்கொண்டன.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்றாள் கருக்காயி. இந்த முறை ஒவ்வொருவர் முன்னாலும் வந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கேன். ஆனா நல்லா இல்லக்கா" என்றாள் மஞ்சாடி.

கருக்காயிக்குச் சொல்ல எத்தனையோ புத்திமதி நாக்கு நுனியில் இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள். "சரிம்மா. நாளைக்கும் கேட்கிறேன்" என்றாள்.

மறுநாளே மஞ்சாடிக்குச் சரியாகிவிட்டதா? இல்லை. இறக்கை கனமாகத்தான் இருந்தது. புழு மண்ணாகத்தான் ருசித்தது. காவலுக்கு இனி இரண்டிரண்டு பேராகப் போவது என்று கூட்டம் முடிவு செய்தது. அவள் முறை வந்தபோதெல்லாம் தொரட்டி கூடவே போய் உட்கார்ந்தான். பாதிப் புழுவை வைத்துக்கொண்டு காத்திருப்பான். சில நாள் தின்பாள். சில நாள் தின்னமாட்டாள். கருக்காயி கேட்கும்போது, "நல்லா இல்லக்கா" என்பாள். ஒன்றுமே சொல்லாத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் கருக்காயி வந்து அவளை ஒட்டி உட்கார்ந்துவிடுவாள்.

வால் இறகு மெல்ல மெல்ல முளைத்தது.

தூறல் போட்ட ஒரு சாயங்காலம். வெடுக்கி பேச்சு சுவாரசியத்தில் நடு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இடுப்பில் ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தாள். மஞ்சாடி! அதை இடி என்றே சொல்ல முடியாது. ஒரு இலை உரசிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

வெடுக்கி உடனே கிளையை விட்டுத் தொப்பென்று விழுந்தாள்.

"ஐயோ! என்னைத் தள்ளிட்டா! கொலைகாரி! பன்னிக்குட்டி!" கீழே சேற்றில் கிடந்தபடி அவள் போட்ட கூச்சலில் தவளைகளெல்லாம் குளத்தில் குதித்தன.

மஞ்சாடி சிரிக்கவில்லை. சிரிப்பு அவளுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வெடுக்கி திரும்ப ஏறி வரும் வரை அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விடவில்லை.

அதனால், யாருக்கும் தொந்தரவு தராமல் ஓரமாக ஒதுங்கிப் போகிறவரை 'நல்ல பிள்ளை' என்று பாராட்டி விட்டுவிடாமல், பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'உனக்கு என்ன செய்யுது?' என்று கேட்டு, பதில் வரும் வரை பொறுத்திருக்க வேண்டும்.