சிகுர்ட்டா, கோர்மக்கா?

ஒஸ்லோவில் நாங்கள் தியானத்துக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், வகுப்பு முடிந்தும் தயாபரன் எழும்பவில்லை. குரு சாரங்கா அம்மா அவரைவிட வயதில் இளையவர். என்றாலும் அவர் முன்னால் தயாபரன் கைகட்டித்தான் நிற்பார்.

"அம்மா, பிள்ளைக்கு நோர்வேப் பேரா, அயர்லாந்துப் பேரா? நீங்களே சொல்லுங்கோ."

நான் தேத்தண்ணி ஊற்றியபடி வாயை விட்டேன். "தமிழ்ப் பேர் இல்லையோ?"

"அது நடுப்பேர். அதிலை பிரச்சினை இல்லை," என்று முறைத்தார்.

பிரச்சினை முதற்பேரில்தான். அவருக்கு சிகுர்ட் வேண்டும். அயர்லாந்துக்காரி மனைவி ஊனாவுக்கு கோர்மக் வேண்டும். பிள்ளைக்கு ஐந்து மாதம். இன்னும் பெயர் பதியவில்லை.

"தன்ரை ஊருக்குத் திரும்பிப் போறதுக்குத்தான் அந்தப் பேரிலை நிக்கிறாள் அம்மா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாள்."

"சொன்னாவோ?" என்று கேட்டார் அம்மா.

"சொல்லுவாளே! பிள்ளையின்ரை அறையிலை கருவி வைச்சு ஒட்டுக்கேட்டனான். நான் இல்லாத நேரம் கோர்மக், கோர்மக் எண்டு பழக்கிறாள்."

"நீங்கள்?"

"நான்... குளிப்பாட்டேக்கை சிகுர்ட் எண்டு கூப்பிடுவன்."

கெட்டிக்காரன்தான் போங்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாங்கோ," என்றார் அம்மா.

வந்தார்கள். ஊனாவின் முகத்திலும் அதே சந்தேகம். பெயரைச் சாட்டித் தயாபரன் தன்னை இந்தக் குளிர் தேசத்தில் கட்டிப்போடப் பார்க்கிறார் என்று வந்ததும் வராததுமாய் அம்மாவிடம் முறையிட்டாள்.

அம்மா பிள்ளையைப் பாய் நடுவில் கிடத்தினார். இந்தப் பக்கம் தகப்பன், அந்தப் பக்கம் தாய்.

"ஒரே நேரத்திலை கூப்பிடுங்கோ. எந்தப் பக்கம் திரும்புறானோ, அந்தப் பேர்."

கூப்பிட்டார்கள். பிள்ளை தலையைத் திருப்பியது. திரும்பின கையோடு சண்டை வெடித்தது.

"நீ என்னை முந்திக் கூப்பிட்டாய்!" என்றாள் ஊனா.

"நீ கையிலை கிலுகிலுப்பை வைச்சிருக்கிறாய். கையைக் காட்டு!"

காட்டினாள். வெறுங்கை. "இப்ப உன் கையைக் காட்டு," என்றாள். அவருடையதும் வெறுங்கைதான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கூச்சமாக இருந்தது. பிள்ளை இதற்குள் தன் கால்விரலைப் பிடித்து வாயில் வைத்துவிட்டது.

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. எந்தப் பக்கம் திரும்பினவன்?"

"ஏன், நீங்கள் பார்க்கேல்லையோ?"

தயாபரன் ஊனாவைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"திரும்பிச் சிரிச்சவன்," என்றார் அம்மா. "நல்ல வடிவாய்ச் சிரிச்சவன்."

தயாபரனின் குரல் இறங்கிப்போயிற்று. "என்னைப் பார்த்தோ அம்மா?"

"உங்களிலை ஒராளைப் பார்த்து. அந்த ஆள் அந்த நேரம் மற்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது."