பதினொரு பேர் தொடாத பக்கம்

“அக்கா, படத்திலயிருந்து என்ர பேரைத் தூக்கச் சொல்லட்டோ?”

கேட்டவர் குலவீரசிங்கம். லண்டன்காரர். முப்பது வருடமாக ஆங்கிலத் தொலைக்காட்சிக்குத் துப்பறியும் தொடர்கள் எழுதுகிறவர். எப்படியும் இருநூறு பேரைக் கொன்றிருப்பார், அத்தனை பேரையும் மழையில். சினிமாவுக்கு எழுதியது மட்டும் இதுதான் முதல் தடவை.

கேட்கப்பட்டவர் அவருடைய குரு, திலோத்தமை அக்கா. ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றைப் பத்தொன்பது வருடம் எழுதி ஓய்ந்தவர். அதில் ஒரு டாக்டரை அவர் சாகடித்தபோது ஸ்டூடியோ வாசலில் மலர்வளையம் குவிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. மூன்றாம் நாள் அந்த டாக்டராக நடித்தவரே ஒரு வளையத்தோடு வரிசையில் வந்து நின்றார்.

“முதல்ல இரும்.”

“இருக்க ஏலாது அக்கா.”

ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

“பன்னிரண்டு மணிக்குப் போன் வரும். பேர் வேணுமோ வேண்டாமோ, ஒரு சொல்லுச் சொல்லவேணும்.”

“ஏன் வேண்டாம்?”

திரைக்கதைக் கட்டை மேசையில் போட்டார். வானவில் மாதிரி விரிந்தது.

படப்பிடிப்பில் அது வழக்கம். முதலில் எழுதியது வெள்ளைத் தாளில் இருக்கும். யாராவது மாற்றினால் அந்தப் பக்கம் நீலத் தாளாகும். மறுபடி மாற்றினால் ரோஸ். பிறகு மஞ்சள், பச்சை. இந்தக் கட்டில் நிறமெல்லாம் தீர்ந்துபோய், தேநீரில் தோய்த்த தாள்கூட இருந்தது.

“பதினொரு பேர் மாத்தியிருக்கினம். இது என்ர அப்பாவின்ர கதை அக்கா. பெற்றோல் செட்டில நிண்டு காருக்கு எண்ணெய் அடிச்சு எங்களை வளர்த்த மனிசன். இப்ப அவர் குதிரை வளர்க்கிற வெள்ளைக்காரன்.”

“பரவாயில்லையே.”

“குதிரை கதைக்குது அக்கா!”

அக்கா கலர்த் தாள்களை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டார். குலவீரசிங்கம் அவற்றை மிதித்துக்கொண்டே நடந்தார்.

கடைசியில் ஒரே ஒரு வெள்ளைத் தாள் மிஞ்சியது. அக்கா உரக்கப் படித்தார்.

‘வேலை முடிந்து வருகிறான். சமையலறை. நின்றபடியே பானையிலிருந்து சாப்பிடுகிறான்.’

“இதை ஏன் ஒருத்தரும் தொடேல்லை?”

“கண்ணில படேல்லைப் போல.”

“அப்ப அந்தக் குறை ஏன்? நான் தொடுறன்.”

அக்கா பேனாவைத் திறந்தார்.

போன் அடித்தது. தயாரிப்பாளரின் உதவியாளர். ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

“பெயர் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?”

“எடுத்து…” என்று தொடங்கியவரின் கண் மேசையில் விழுந்தது. சாப்பிடுகிறான் என்பதற்குக் கீழே அக்கா ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்.

‘அழுகிறான்.’

“அவர் அழமாட்டார்!”

தமிழில் போட்ட சத்தம். அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

“கொஞ்சம் அழட்டுமன். சனத்துக்குப் பிடிக்கும்.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? வழிச்சுச் சாப்பிடுவார். பானையைக் கழுவிக் கவிட்டு வைப்பார். எங்கட போர்வையை இழுத்து மூடிவிடுவார். அவ்வளவுதான். அழமாட்டார்!”

பேனாவைப் பறித்தார். அந்தச் சொல்லைத் தாள் கிழியக் கிழிய அடித்தார்.

“ஹலோ?” என்றது போன். “அங்கே யாருக்காவது ஏதும் ஆகிவிட்டதா?”

“இல்லை,” என்றார் குலவீரசிங்கம். “பெயர் இருக்கட்டும். முழுப் பெயரும் வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்.”