வலி: பூஜ்யம்

“துளிகூட வலி இல்லைங்கிறார் மேடம். அப்புறம் ஏன் காய்ச்சல் வருது? ஆக்சிஜன் ஏன் குறையுது?”

டாக்டர் குலசேகரன் இப்படிக் கேட்டபடி வந்து நின்றபோது, டாக்டர் ஜெசிந்தா கை கழுவிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா மயக்கவியல் பேராசிரியர். குலசேகரன் அவருடைய மாணவர். இருபது வருடம் சொந்த கிளினிக் நடத்திவிட்டு, மறுபடி படிக்க வந்தவர். குருவைவிடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது கூடுதல். நரையெல்லாம் சீடர் பக்கம்தான்.

வயிற்று ஆபரேஷன் முடிந்தவர்களுக்குத் தசைகளின் நடுவே போடுகிற ஒரு மரப்பு ஊசி. அதுதான் குலசேகரனுடைய ஆராய்ச்சி. வலி பூஜ்யமா, பத்தா, நடுவில் எத்தனை என்று கேட்பார். ஊசி போட்டவர்கள் பூஜ்யம் என்பார்கள், மிஞ்சிப்போனால் ஒன்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவருக்கு இது வைரக்குஞ்சு.

இப்போது அந்த ஊசி போட்டுக்கொண்ட நோயாளி மாசிலாமணிக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இப்படியே போனால் ராத்திரிக்குள் தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில்தான் மூச்சுவிட வைக்க வேண்டும். குலசேகரனுக்குப் பயம். மனிதரை நினைத்துப் பாதி, ஆராய்ச்சியை நினைத்து மீதி.

“அவர்கிட்ட எப்பக் கேட்டீங்க?”

“காலையில, ரவுண்ட்ஸ் வரும்போது.”

“அப்ப என்ன பண்ணிட்டிருந்தார்?”

“ஆடாம அசையாம படுத்திருந்தார். தங்கமான பேஷண்ட் மேடம்.”

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார்.

மாசிலாமணி பஸ் கண்டக்டர். குடலில் விழுந்த ஓட்டையை அடைத்திருந்தார்கள். மல்லாந்து கிடந்தார்.

“அண்ணே, எந்த ரூட்டு?”

“உடன்குடிம்மா.”

“விசில் தொலைஞ்சு போச்சுன்னா வண்டியை எப்படிக் கிளப்புவீங்க?”

“கத்த வேண்டியதுதான். போலாம் ரைட்னு.”

“எங்க, கத்துங்க பாப்போம்.”

மாசிலாமணி சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. மூச்சை இழுத்தார்.

“போ...”

இரண்டு கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. கண்ணில் நீர் முட்டியது.

குலசேகரன் பதறிப்போய்க் குனிந்தார்.

“வலிக்கலைன்னு சொன்னீங்களே!”

“சும்மா கிடந்தா வலிக்கலை சார். அதான் சும்மாவே கிடக்கேன். இருமல் வந்தா முழுங்கிக்கிடுதேன். மூச்சைக்கூட மேலாப்புலதான் விடுதேன்.”

“இதை ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலையே சார்.”

ஜெசிந்தா சீடரைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்தார்.

“சிஸ்டர், வலிக்கு மருந்து ஏத்துங்க. அது வேலை செஞ்சதும் இவரை உட்கார வச்சு, வயித்துல தலையணையை அணைச்சுக் குடுத்து, நல்லா இரும வைங்க.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

குலசேகரன் அங்கேயே நின்றார். மருந்து ஏறியது. மாசிலாமணி தலையணையைக் கட்டிக்கொண்டு, முகம் கோணி, இருமினார். மறுபடி இருமினார். கட்டி கட்டியாகச் சளி வந்தது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் மெல்ல ஏறத் தொடங்கியது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். குலசேகரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எதிர்க் கட்டிலிலும் அவருடைய ஊசி போட்டுக்கொண்டவர்தான். கண்ணை மூடி, விறைத்துப் படுத்திருந்தார்.

குலசேகரன் அவரிடம் போனார்.

“ஐயா, ஒரு தடவை இருமுங்க.”

அந்த மனிதர் கண்ணைத் திறக்கவில்லை.

“நம்பர்தானே சார் வேணும்? பூஜ்யம்னே போட்டுக்கிடுங்க. இருமச் சொல்லாதீங்க.”