சுவரில் ஐந்து கேள்விகள்

"என் இரண்டாவது கட்டுரையை யாரும் படிக்கல, சிஸ்டர்," என்றார் டாக்டர் அழகியநம்பி.

பெர்பெத்துவா சிஸ்டர் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால், பயிற்சி மருத்துவராக வந்த அழகியநம்பிக்கு நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் அவர்தான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் இந்தக் கடற்கரை ஊரின் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புது நர்சுகளுக்குப் பாடம் எடுக்கிறார்; இன்றும் அதற்குத்தான் கிளம்பியிருந்தார்.

"நடந்துகிட்டே சொல்லுங்க," என்றார்.

அழகியநம்பி சொல்லிக்கொண்டே நடந்தார். நடை சீராக இல்லை. இரண்டு அடி முந்திப் போவார், நின்று திரும்புவார்.

அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்து பதினேழு வருஷம் ஆகிறது. மாரடைப்போ என்ற சந்தேகத்தோடு ஒருவர் வந்தால் ஐந்தே கேள்வி; 'ஆம்' என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். மூன்று மதிப்பெண் வந்தால் உடனே ஈ.சி.ஜி. வராவிட்டால் காத்திருக்கலாம். எளிதாக இருந்ததால் நாடு நாடாகப் பரவியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டின. அடுத்த மாதம் அதற்காக வெளிநாட்டில் ஒரு விருது காத்திருக்கிறது.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். பெண்களில் பலருக்கு மாரடைப்பின்போது நெஞ்சு வலிப்பதில்லை. தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், குமட்டும். ஐந்து கேள்விகளுக்கு அவர்கள் அகப்படுவதில்லை. எட்டு வருஷம் கழித்து அதைப் பற்றி இரண்டாவது கட்டுரை எழுதினார். அதை மேற்கோள் காட்டியவர்கள் நாற்பத்தொரு பேர்.

எந்த வேலையிலும் மனம் நிற்பதில்லை, விருதுக்குப் போவதா வேண்டாமா என்றும் புரியவில்லை என்றார்.

"நான் சொல்லிட்டேன் சிஸ்டர். உலகம் காதுல வாங்கலன்னா நான் என்ன செய்ய?"

ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

அவசர சிகிச்சைப் பகுதியின் வாசலில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சை சிஸ்டர் காட்டினார். "இங்க உட்காருங்க."

அழகியநம்பி உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. ஐந்து கேள்விகள், தமிழில். கீழே யார் பெயரும் இல்லை.

காலை வெயில் ஏறியிருந்தது. உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் முந்தானையால் தாடையைப் பொத்திக்கொண்டு வந்தாள். பெயர் பாக்கியத்தாய், வயது நாற்பத்தெட்டு. பல்வலி என்றாள். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம்.

அருள்ஜோதி என்ற நர்ஸ் பொறுமையாக ஐந்து கேள்விகளையும் கேட்டாள். நெஞ்சு வலிக்கிறதா என்றதற்கு, இல்லம்மா, தாடைதான் என்றாள் பாக்கியத்தாய். மொத்தம் ஒரு மதிப்பெண்.

"உட்காருங்கக்கா. முறை வந்ததும் கூப்பிடுறேன்."

பாக்கியத்தாய் அழகியநம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மின்விசிறிக்கு நேர் கீழேதான் பெஞ்சு. ஆனாலும் அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது.

அவர் எழுந்தார். இந்த அம்மாவுக்கு உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

மூன்று மார்க் வரவில்லையே, அவங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கிறார்கள் என்றாள் அருள்ஜோதி.

தானும் டாக்டர்தான் என்றார். அந்த அட்டை எல்லாருக்கும் பொருந்தாது, சில பிரிவினரிடம் அதன் துல்லியம் ஒப்பீட்டளவில் குறைவு என்று தன் இரண்டாவது கட்டுரையின் வரியையே சொன்னார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதையாகவே கேட்டாள்.

"பெரிய டாக்டர் ஒருத்தர் ஆயிரக்கணக்கான பேரைப் பரிசோதிச்சு எழுதினது சார் அது. அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடும்?"

அழகியநம்பி சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் அசையாமல் நின்றார்.

பாக்கியத்தாயின் தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது.

"அதை எழுதினவன் நான்தாம்மா," என்றார் அழகியநம்பி. "நான் எழுதினது தப்பு. பொம்பளைங்க செத்துப்போவாங்க. இவங்களை உள்ள கூட்டிட்டுப் போ."

அருள்ஜோதி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். அடுத்த கணம் சக்கர நாற்காலியை இழுத்தாள்.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் பணியில் இருந்த டாக்டர் ஓடிவந்தார். மாரடைப்புதான். மாத்திரை கொடுத்தார்கள், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தாடை வலி தணிந்துவிட்டது என்று அவளே சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது, வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று தெரியவில்லை, யாராவது போய்ப் பாருங்கள் என்றாள்.

அருள்ஜோதி திரும்பி வந்து, யாரையும் கேட்காமல், ஸ்டூல் மேல் ஏறி அந்த அட்டையைக் கழற்றினாள்.

அழகியநம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்த இரண்டாவது கட்டுரை எத்தனை பக்கம்?"

"பதினாலு, சிஸ்டர்."

"இப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களே, 'நான் எழுதினது தப்பு'ன்னு. அது எத்தனாவது பக்கத்துல இருக்கு?"