சாம்பல் நிறத்துக்கு வேலை இல்லை

தூத்துக்குடியில் சங்கரேஸ்வரி என்ற ஓவியரின் மேசைமேல் ஒரு தூரிகையும் சில வண்ணங்களும் குடியிருந்தன. ஒருநாள் அவளுக்கு ஓர் ஓவியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. முதுமையின் தனிமையை வரைந்து அனுப்ப வேண்டும்.

சாம்பல் நிறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "இது என் காலம். மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்" என்றது.

மாடி வீட்டு இன்னாசிமுத்துவைப் பார்த்து வரையலாம் என்று சங்கரேஸ்வரி முடிவு செய்தாள். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை; மகன் மஸ்கட்டில் இருந்தான். படியில் எதிர்ப்படும்போதெல்லாம் அவர் முகம் பூட்டிய வீடு மாதிரி இருக்கும். அந்த முகம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் அவள் கூப்பிட்டதும் அவர் சலவைச் சட்டையும் பவுடர் பூசிய முகமுமாக வந்து நின்றார். உட்கார்ந்ததுமே பேச ஆரம்பித்துவிட்டார். குற்றாலம் பஸ்ஸில் ஒரு பலாப்பழத்துக்கு டிக்கெட் கேட்டு நடந்த சண்டையைச் சொல்லித் தானே சிரித்தார். கொஞ்சம் சோகமாக இருக்கும்படி அவள் கெஞ்சினாள். அவரும் முயன்று பார்த்தார், முடியவில்லை.

"இந்த மனிதரிடம் தனிமையே இல்லையே. ஆள் மாறி வந்துவிட்டாரா?" என்று தூரிகை சலித்துக்கொண்டது.

"அந்தக் கன்னத்துக்கு நான்தான் பொருத்தம். என்னைக் கூப்பிடு" என்றது மஞ்சள். சாம்பல் நிறம் குழாய்க்குள் முடங்கிக் கிடந்தது.

இப்படியே ஒரு வாரம் ஓடிவிட்டது. மறுநாள் மாலைக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும். நினைவிலிருந்தே வரைந்துகொள்ளலாம் என்று எண்ணி, "போதும்யா. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்" என்றாள் சங்கரேஸ்வரி.

இன்னாசிமுத்து தலையாட்டினார். சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டார். முகம் மெல்ல மெல்ல அணைந்தது.

"வந்துவிட்டது!" என்று அவள் விரல்களுக்கிடையே தூரிகை துள்ளியது. "சாம்பலே, சீக்கிரம் வா."

சாம்பல் நிறம் அசையவில்லை. வாரம் முழுக்க அதுவும்தானே அந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

சங்கரேஸ்வரி குழாயைக் கையில் எடுத்தாள். அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு குழாயைக் கீழே வைத்துவிட்டுத் தூரிகையைத் தண்ணீரில் போட்டாள்.

"படம் இன்னும் சரியா வரலைய்யா. நாளைக்கும் வந்துருங்க" என்றாள்.

"அதானே பாத்தேன்" என்றார் அவர். "காலையிலயே வந்துர்றேன், தாயி."

போட்டிக்குப் படம் போகவில்லை. தூரிகை சில நாள் யாரோடும் பேசவில்லை. இன்னாசிமுத்து தினமும் வருகிறார். படம் இன்னும் முடிந்தபாடில்லை.