பால் நூல் இளகிய கதை

அந்தக் காலத்தில், உடம்புக்குள் வேலை பார்க்கும் நொதிகளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு செல்லிலும் ஒரு நீள நூல் கிடந்தது. கண், நகம், முடி, பால் என்று எதை எப்படிச் செய்வதென்கிற விவரமெல்லாம் அந்த நூலில்தான். நகலன் என்கிற நொதி அதன்மேல் ஓடி ஓடிப் படியெடுப்பான். அந்தப் படியைப் பார்த்துத்தான் செல் வேலை செய்யும்.

நூல் சுற்றாமல் கிடந்ததால் கண்ட இடத்தையும் படியெடுத்துத் தொலைத்தான். மலையாயி என்கிற பெண்ணுக்கு நாக்கில் முடி முளைத்துவிட்டது!

பார்த்தாள் இறுக்கி. நொதிகளில் மூத்தவள், கறாரானவள். செல்லுக்குள் கிடந்த புரத உருண்டைகளில் நூல் முழுவதையும் சுற்றி இறுக்கிவிட்டாள். நாக்கு சரியாகிவிட்டது.

கொஞ்ச காலத்தில் மலையாயிக்குப் பிள்ளை பிறந்தது. மார்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை. அழுது அழுது பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மார்புச் செல்லில் இருந்த இளக்கிக்கு அந்த அழுகை கேட்டது. அவள் இறுக்கியின் ஓரகத்தி, நகலனுக்குச் சின்ன அண்ணி.

"கொழுந்தனாரே, பால் இருக்கிற இடத்தைப் படியெடுங்களேன்!"

"எங்கே அண்ணி? கை நுழைய இடமில்லை. பெரிய அண்ணி கட்டினால் கட்டினதுதான்" என்றான் நகலன்.

"கொஞ்சம் அவிழ்த்துவிடுங்க அக்கா" என்று இளக்கி இறுக்கியிடம் போய்க் கேட்டாள்.

"அவிழ்க்கவா? மறுபடி நாக்கில் முடி முளைக்கட்டும், நீயே சீவிவிடு!" என்றாள் இறுக்கி.

இளக்கி நூலை இழுத்துப் பார்த்தாள். அறுந்துவிடும் போலிருந்தது. அறுந்தால் பால் என்றைக்கும் இல்லை.

அப்போது மலையாயி குடித்த கஞ்சியிலிருந்து இளக்கியின் பங்காக ஒரு துணுக்கு வந்தது. பசி காதை அடைத்தது. வாய்வரை கொண்டுபோனவள் நின்றாள். இடியாப்ப அச்சில் மாவு ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவுவோமே, அதுபோல அந்தத் துணுக்கை உருண்டைக்கும் நூலுக்கும் நடுவே வைத்து ஒட்டினாள். பிடி விட்டது. பால் இருந்த இடம் மட்டும் இளகியது.

நகலன் பாய்ந்து போய்ப் படியெடுத்தான். பால் சுரந்தது. பிள்ளை மடக் மடக்கென்று குடித்தது.

"யார் செய்த புண்ணியமோ, அவங்க நல்லா இருக்கணும்" என்று மலையாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறுக்கி தன் பங்கை இளக்கியின் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு முதலில். பிள்ளை பால் மறக்கிற வரைக்கும் அந்த இடத்தைத் தொடமாட்டேன். அப்புறம் துணுக்கை எடுத்துவிட்டு நானே சுற்றிவைக்கிறேன்."

அன்று முதல்தான் எல்லாச் செல்லிலும் முழு நூல் இருந்தும் அந்தந்த இடத்துக்கு வேண்டியது மட்டும் இளகுகிறது. பிள்ளைக்காரி சாப்பிடும் சோற்றில் ஒரு துணுக்கு, அவள் பார்த்தே இராத ஒருத்தியின் கைக்குப் போய், பாலாகித் திரும்பி வருகிறது.