உவாலோ என்ற அட்டை

"இன்னிக்குமா வகுப்புக்கு வந்திருக்காரு? பதினோரு மணிக்கு அவரு சம்சாரத்துக்கு ரிசல்ட் சொல்றாங்களாமே."

கல்லூரிச் சமையற்கட்டைத் தாண்டும்போது, உள்ளே யாரோ சொன்னது பாஸ்டர் எபினேசரின் காதில் விழுந்தது. அவர் நடையை வேகப்படுத்தினார்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் அந்த இறையியல் கல்லூரியில் வயதில் மூத்த மாணவர் அவர்தான். ஐம்பத்தெட்டு. அவருடைய ஆசிரியை நொசிபோவுக்கு முப்பத்தாறு; ஜூலு பெண். எபிரெயத்தில் உள்ள உணர்ச்சிச் சொற்களை ஜூலு முதலான பாண்ட்டு மொழிச் சொற்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் சொல். பின்பக்கம், அதைச் சொன்னவர் யார், சொல்லிவிட்டு என்ன செய்தார், கேட்டவர் என்ன செய்தார். பின்பக்கம் நிரம்பாத அட்டையை நொசிபோ பெட்டிக்குள் விடமாட்டார்.

"உட்காருங்கள் பாஸ்டர். நேற்று எதில் விட்டோம்?"

"கோபத்தில், டீச்சர். எபிரெயத்தில் கோபத்துக்கும் மூக்குக்கும் ஒரே சொல்."

"நம் கல்லூரி முதல்வருக்கும் கோபம் மூக்கில்தான் வரும்."

எபினேசர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐந்து. பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். விரல்களின் வியர்வை அட்டையில் படிந்திருந்தது.

"இன்றைக்குப் பயம். எபிரெயத்தில் பஹத். திடீரென்று வந்து ஆளைப் பிடித்துக்கொள்ளும் திகில். ஜூலுவில் உவாலோ. இரண்டும் ஒன்றுதானா, டீச்சர்?"

நொசிபோ தன் நெஞ்செலும்பு முடியும் இடத்தில் இரண்டு விரல்களை வைத்தார்.

"உவாலோ இங்கே இருக்கும். எதுவும் நடப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்கு யார் சொன்னது?"

"என் மனைவி."

"ருக்மணியம்மாவா? தமிழ்ப் பெண் ஜூலுவில் ஏன் பயப்படுகிறார்?"

"முப்பது வருஷம் தையல் ஃபேக்டரியில் உங்கள் ஆட்களோடு இருந்தாள். வலி, பயம் எல்லாம் அவளுக்கு ஜூலுவில்தான் வரும். என்னைத் திட்டுவது மட்டும் தமிழில்."

"எப்போது சொன்னார்?"

"செவ்வாய்க்கிழமை. ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது."

நொசிபோ உவாலோ அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் மனைவியின் பெயர் மட்டும் இருந்தது.

"சொல்லிவிட்டு என்ன செய்தார்?"

"என் சட்டைக் கையைப் பிடித்தாள்."

"அதை எழுதவில்லையே."

"எழுதுகிறேன்."

எழுதினார். வரி கோணலாகக் கீழே இறங்கியது.

"கேட்டவர் என்ன செய்தார்?"

வெளியே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ்டர்."

"கையை விடுவித்துக்கொண்டேன்."

"எதற்கு?"

"பேனா எடுக்க." அவர் குரல் தாழ்ந்தது. "நல்ல சொல். மறந்துவிடுமோ என்று பயந்தேன்."

"அதற்கா பயந்தீர்கள்?"

எபினேசர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"டீச்சர், இரண்டும் ஒன்றா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

"அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?"

"ஆஸ்பத்திரியில். டாக்டர் அறைக்கு வெளியே. கூட வரச் சொன்னாள். வகுப்பு இருக்கிறது என்றேன்."

"யார் இருக்கிறார்கள் கூட?"

"யாரும் இல்லை."

நொசிபோ இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அவர் பக்கம் தள்ளினார். பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"இன்றைக்கு வகுப்பு இல்லை, பாஸ்டர்."

அவர் எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டுக் கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு கார் சாவியை எடுத்து நொசிபோவிடம் நீட்டினார்.

"என்னால் ஓட்ட முடியாது. நீங்கள் வருவீர்களா?"